கல்லு பின்னாலை: ஒரு டாங்க் டீசலில் நாப்போலி

அந்தப் பயணத்தில் வண்டிக்குள் இருந்தவர்கள்: ஸ்டியரிங்கில் நான், பக்கத்துச் சீற்றில் எங்கள் யார்ட் முதலாளி சிஞ்ஞோரா நுன்சியா, அவவின் மடியில் ஒரு தட்டம் நிறைய அரஞ்சீனா. இல்லாதவர்கள்: நாங்கள் பின்னால் இழுத்துப்போன கரவானின் சொந்தக்காரரான நொத்தாரிஸ் (காணிப் பத்திரம் எழுதுகிறவர்; அவர் விமானத்தில் போய்விட்டார்), என்னுடைய அம்மா (பலெர்மோவில் சிஞ்ஞோராவின் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றா), என் சித்தி (நாப்போலியில் மகனின் கலியாணத்துக்கு மாலைக்குச் சொல்லிக்கொண்டு நின்றா), சிஞ்ஞோராவின் மனுசன் பெப்பே (காலமாகிக் கனகாலம்). இதுவரைக்கும் கணக்குச் சரி. ஆனால் கரவானின் பின்பக்கத்துப் பெட்டிக்குள் ஒரு அம்மியும் அதன் குழவியும் இருந்தன. அது எனக்கும் தெரியாது, சிஞ்ஞோராவுக்கும் தெரியாது. இல்லாதவர்களில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், எங்கள் யார்டில் புதிதாகச் சேருகிற பெடியள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். மலையேற்றத்தில் யாராவது அக்சிலேற்றரை மிதித்தால், பக்கத்தில் இருப்பவன் “கல்லு பின்னாலை!” என்று கத்துவான். தமிழ்ப் பெடியன் கத்துவது பெரிய விஷயமில்லை. ஒரு சொல்லுத் தமிழ் தெரியாத சிசிலிக்காரனும் அதையேதான் கத்துகிறான், அதுவும் கபோ சந்தையில் மீன் விற்கிற ராகத்தில். “அண்ணை, உது என்ன கல்லு?” என்று கேட்கிறார்கள். போன மாதம் நான் இழுவை வேலையிலிருந்து விலகிவிட்டேன். இப்போது ஆட்கள் இழுக்கிற கரவானை விட்டுவிட்டு, தானாக ஓடுகிற வீட்டு வண்டிக்கு மாறிவிட்டார்கள். கரவான் இழுத்த எங்கள் ஃபோர் வீல் வண்டியும் விலைப்பட்டுப் போயிற்று. எனக்கு பொலிதேயாமாப் பக்கம் ஒரு அலுவலகத்தில் கதிரையும் கம்ப்யூட்டரும் கிடைத்திருக்கின்றன. வயது முப்பத்துநாலு. அம்மா மட்டும் வருகிறவர்கள் எல்லாருக்கும் “தம்பி பென்சன் எடுத்திட்டான்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறா. பென்சன் எடுத்தவன் அனுபவம் எழுதத்தானே வேண்டும் என்று தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டு மலர்க்காரரும் பிடித்துக்கொண்டார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் வரப்போகிற பிழைகளுக்கு இது காரணம். படித்தவன் என்றால் எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருக்கவேண்டும் என்று நான் நம்பியிருந்தேன். தொழிற்கல்லூரியில் டிப்ளோமா எடுத்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தபோது, அம்மா தான் வேலை செய்கிற லிபெர்த்தா வீதி வீட்டுச் சிஞ்ஞோராவிடம் சொல்லி என்னை யார்டில் சேர்த்துவிட்டா. யார்ட் துறைமுகப் பக்கம். பணக்காரரின் கரவான்கள் குளிர்காலம் முழுக்க அங்கே நித்திரை கொள்ளும். கோடை வந்தால் நாங்கள் ஃபோர் வீலில் கொழுவி, அவர்கள் கேட்கிற கடற்கரைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு வருஷம் கரவான் கழுவினேன். பிறகு கரவானைப் பின்னுக்கு எடுக்கப் பழகினேன். அதில் ஒரு எலுமிச்சை மரமும், பக்கத்து யார்டின் மதிலும் போயின.

முதல் நாள் நான் சிஞ்ஞோராவுக்கு ஒரு விளக்கம் கொடுத்தேன். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகும், கரவான் என்பது காற்றுக்கு ஒரு சுவர், ஆகவே டீசல் பாரத்தில் போவதைவிட வேகத்தில்தான் கூடப் போகிறது என்று. அவ கடைசி வரைக்கும் கேட்டா. பிறகு, “தொத்தோரே, டயருக்குக் காத்து அடிச்சாச்சோ?” என்றா. தொத்தோரே என்றால் படித்த ஐயா. (அவ கதைத்தது இத்தாலியன். எங்கட தமிழில் எழுதினால்தான் அவவின் குரல் எனக்குக் கேட்கிறது.) அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர்.

சிஞ்ஞோராவின் முறைகளைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லவேண்டும்.

முதலாவது, தராசு. கரவானின் மூக்கு எங்கள் வண்டியின் கொக்கியில் ஒரு அளவான பாரத்தோடு குந்தவேண்டும். கூடினால் எங்கள் வண்டியின் பின்பக்கம் பதியும். குறைந்தால் கரவானின் வால் ஆடத் தொடங்கும். அதை அளக்கச் சிஞ்ஞோரா தன் குளியலறைத் தராசைக் கொண்டுவருவா. ரோஸ் நிறம். அதன்மேல் அவ ஒரு நாளும் ஏறியதில்லை. “அது கரவானுக்கு வாங்கினது” என்பா. தராசின்மேல் தும்புத்தடியின் வெட்டிய துண்டொன்றை நிறுத்தி, அதன்மேல் கரவானின் மூக்கை இறக்கி, குனிந்து கண்ணாடியைப் போட்டு முள்ளைப் பார்ப்பா. சரியென்றால் கரவானைத் தன் கையால் பூட்டி, திறப்பைக் கொண்டுபோய் வீட்டுக் குசினி ஆணியில் கொழுவிவிடுவா. அதன்பிறகு கரவானுக்குள் ஒரு கரண்டிகூடக் கூடவோ குறையவோ கூடாது. வேற்றுச் சாமான் ஏற்றினவனுக்கு அன்றோடு வேலை இல்லை. இது யார்டின் வேதம்.

இரண்டாவது, நாலு சில்லு. ஃபோர் வீல் என்றால் எப்போதும் நாலு சில்லும் இழுக்கவேண்டும் என்று நினைத்து கியருக்குப் பக்கத்துக் குட்டிக் கொம்பை இழுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். காய்ந்த தார் றோட்டில் அது வீண் டீசல். “நாலு கால் இருக்கெண்டு நாய் எப்பவும் ஓடுதோ? படுத்துக் கிடக்கேல்லையோ?” என்பா.

மூன்றாவது, அரஞ்சீனா. இது பொரித்த சோற்றுருண்டை, நடுவில் இறைச்சி. பலெர்மோ பிள்ளைகளுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சாரதியைச் சோதிக்கச் சிஞ்ஞோரா பக்கத்தில் ஏறினா என்றால் மடியில் ஒரு தட்டம் அரஞ்சீனா இருக்கும், ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கினபடி. சாரதி திடீரென்று பிரேக் பிடித்தால் உருண்டை உருளும். சடாரென்று இழுத்தால் உருளும். உருண்டால் அவ ஒன்றும் சொல்லமாட்டா. உருண்டதை எடுத்துச் சாப்பிட்டுவிடுவா. அவ்வளவுதான். சாப்பிட்டுக்கொண்டு வெளியே கடலைப் பார்ப்பா. அவ நாலு உருண்டை சாப்பிட்டா என்றால் அந்தச் சாரதி வேறு வேலை தேடலாம்.

நாலாவது, பெப்பே. அவவின் மனுசன் பெப்பே உயிரோடு இருந்த காலத்தில் ஒவ்வொரு கோடையும் பலெர்மோவிலிருந்து நாப்போலிக்கு ஒரே டாங்க் டீசலில் பாரமான கரவானை இழுத்துக்கொண்டு போனாராம். மெசீனாவில் கப்பல் ஏறி, கலாப்ரியா மலை முழுக்க ஏறி இறங்கி, எழுநூறு கிலோமீற்றருக்கு மேலே. எங்கள் டாங்க் தொண்ணூறு லீற்றர். கரவான் இல்லாமல் ஓடினால் நூறு கிலோமீற்றருக்கு எட்டு, ஒன்பது லீற்றர் குடிக்கிற வண்டி, கரவானைக் கொழுவினால் பதினைஞ்சு குடிக்கும். கணக்குப் பார்த்தால் சலெர்னோ வரமுன்னமே டாங்க் காலி. நான் இதைக் கடதாசியில் போட்டுக் காட்டினேன். சிஞ்ஞோரா கடதாசியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “பெப்பேக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அதாலை அவர் போய்ச் சேர்ந்தார்” என்றா.

அந்த வருஷம் யார்டில் ஒரு நிரந்தர வேலை இருந்தது. எனக்கு அது கட்டாயம் வேண்டும். என்னுடைய பெர்மெஸ்ஸோ, அதாவது இத்தாலியில் இருக்கிற அனுமதி, முடியப்போகிறது. கொந்த்ராத்தோ என்கிற நிரந்தர வேலை ஒப்பந்தம் ஒன்றைக் கையில் கொண்டுபோனால்தான் அனுமதி கொடுக்கிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் தலை நிமிர்ந்து நிற்கலாம். சிஞ்ஞோராவின் நிபந்தனை ஒன்றே ஒன்று: ஒரு டாங்கில் நாப்போலி. என்னோடு போட்டிக்கு நின்றவன் மொரீசியஸ் நண்பன் தேவன். அவன் எனக்கு முந்தின கிழமையே போய் வந்துவிட்டான். “மச்சான், கலாப்ரியாவிலேயே அவ அஞ்சு சாப்பிட்டிட்டா. ஆறாவதை எனக்குத் தந்தா. அப்பவே எனக்கு விளங்கீட்டுது” என்றான்.

எனக்குக் கிடைத்தது நொத்தாரிசின் கரவான். யார்டிலேயே பாரமானது அதுதான். உள்ளே பளிங்கு மேசை போட்டிருந்தார் மனுசன். விடுமுறைக்குப் போகிற வண்டிக்குள் பளிங்கு!

இனி, இல்லாதவர்களின் பக்கம். சித்தியின் மகன் துஷிக்கு நாப்போலியில் கலியாணம். அங்கே மண்டபக்காரர் அம்மி மிதிக்க வைத்திருந்தது ஃபைபரில் செய்து கறுப்புப் பெயின்ற் அடித்த அம்மி. படத்தில் பார்த்த சித்திக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “என்ர மருமகள் பிளாஸ்ரிக்கிலை கால் வைக்கிறதோ? நாளைக்குக் குடும்பம் காத்திலை பறக்கும்!” சித்தியிடம் யாழ்ப்பாணத்திலிருந்து கொள்கலனில் வந்த அசல் அம்மி இருந்தது. விமானத்தில் கைப்பையோடு கொண்டுபோகலாமா என்று கேட்டுப் பார்த்திருக்கிறா. பிறகு அம்மாவோடு கதைத்திருக்கிறா. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சிஞ்ஞோரா நித்திரை கொள்ளுகிற நேரம், அம்மா குசினி ஆணியிலிருந்து திறப்பை எடுத்திருக்கிறா. மூக்கை அளந்து, பூட்டி எல்லாம் முடிந்த பிறகு, இரண்டு பேருமாக அம்மியைத் தள்ளுவண்டிலில் வைத்து யார்டுக்கு உருட்டிக்கொண்டுபோய், கரவானின் ஆகக் கடைசிப் பெட்டிக்குள், ஒருவருக்கும் தெரியாத இடமென்று, வாலின் நுனியில் வைத்துவிட்டார்கள். அன்றிரவே சித்தி வெறுங்கையோடு நாப்போலிக்கு விமானம் ஏறிவிட்டா. எனக்குச் சொல்லவில்லை. “சொன்னா நீ விளக்கம் சொல்லுவாய்” என்று அம்மா பிறகு சொன்னா.

காலையில் புறப்பட்டோம். டாங்க் கழுத்துவரை நிரப்பி, மூடியைச் சிஞ்ஞோராவே திருகினா. தட்டம் மடியில். ஏறினவுடன் அவ சொன்ன முதல் கதை: “என்ர சாமான் வாங்கிற தள்ளுவண்டிலின்ர சில்லு ஒண்டு நேற்றுக் கழண்டு போச்சு. உன்ர அம்மாவைக் கேட்டா, பழசெண்டு சொல்லுறா. போன மாசம் வாங்கினது.”

“இப்பத்தைய சாமான் எல்லாம் அப்பிடித்தான், சிஞ்ஞோரா” என்றேன் நான், முழு மனதோடு.

செஃபலூ தாண்டினபிறகு றோட்டு முழுக்கக் குகையும் பாலமுமாக வரும். குகையிலிருந்து பாலத்துக்கு வெளிப்பட்ட முதல் தடவை கடல் காற்று பக்கத்தால் அடித்தது. வண்டி எண்பதில் போகிறது. பின்னால் கரவான் ஒருக்கால் இடது, ஒருக்கால் வலது என்று வாலை ஆட்டிற்று. ஒரு உருண்டை உருண்டது. சிஞ்ஞோரா அதை எடுத்துச் சாப்பிட்டா. கடலைப் பார்த்தா.

எனக்கு வேர்த்துவிட்டது. அடுத்த தரிப்பிடத்தில் நிறுத்தி, டயர் பார்த்தேன், கொக்கி பார்த்தேன், ஆடாமல் பிடிக்கிற சட்டத்தை இறுக்கினேன். எல்லாம் சரி. ரோஸ் தராசு மட்டும் பலெர்மோவில். காற்றாக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு, வேகத்தை அறுபத்தைஞ்சுக்குக் குறைத்தேன். அறுபத்தைஞ்சில் ஆட்டம் நின்றது. எழுபதுக்குப் போனால் வால் விழிக்கும். குறைத்தால் படுத்துவிடும். அப்படியே பிடித்துக்கொண்டு ஓடினேன். பின்னால் வந்த லொறிக்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள். ஒரு பாட்டாவும் பாட்டியும் மூன்று சில்லு வண்டியில் தக்காளி ஏற்றிக்கொண்டு சர்வீஸ் றோட்டால் எங்களுக்குச் சமமாகக் கொஞ்சத் தூரம் வந்தார்கள். பாட்டி கை காட்டினா. சிஞ்ஞோராவும் கை காட்டினா.

மெசீனாவுக்குக் கிட்ட வரும்போது சிஞ்ஞோரா டீசல் முள்ளைக் குனிந்து பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. பிறகு முள்ளை. அது எதிர்பார்த்ததைவிட மேலே நின்றது.

“தொத்தோரே.”

“ஓம், சிஞ்ஞோரா.”

“ஒண்டுமில்லை. ஓடு.”

இவ்வளவு காலத்தில் அவ என்னைப் பாராட்டினது அதுதான் முதல் தடவை.

கப்பலில் ஏறும்போது கரவானின் வால் பலகையில் உரசியது. கப்பல்காரன் கையை ஆட்டி, “என்னப்பா, பின்னுக்கு மாமியாரை வைச்சிருக்கிறியோ?” என்று கேட்டான். சிஞ்ஞோரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தா. “பலகை சரிவு கூட” என்றேன். அதுவும் முழு மனதோடுதான்.

கலாப்ரியாக் கரையில் இறங்கினவுடன் சித்தி போன் எடுத்தா. போன் வண்டியின் ஸ்பீக்கரில் கொழுவியிருந்தது. வண்டி முழுக்கச் சித்தியின் குரல்.

“தம்பி, எங்கை வாறாய்? சாமான் பத்திரமோ?”

“என்ன சாமான் சித்தி?”

“ஒண்டுமில்லையடா. வண்டியைச் சொன்னனான். மெல்ல வா. குலுக்காதை. விளங்குதோ, குலுக்காதை.”

“என்னவாம் உன்ர சித்தி?” என்றா சிஞ்ஞோரா.

“சாப்பிட்டாச்சோ எண்டு கேக்கிறா.”

“நல்ல பொம்பிளை” என்றா சிஞ்ஞோரா. ஒரு மணித்தியாலத்துக்குள் அந்த நல்ல பொம்பிளை இன்னும் மூன்று தரம் எடுத்தா.

மலை தொடங்கிற்று. இந்த இடத்தில்தான் டீசல் போகும். ஏற்றத்தில் வேகம் குறையக் குறைய மனுசனுக்கு ரோசம் வரும், மிதிப்பான். மிதித்தால் முள் கண்ணுக்கு முன்னால் இறங்கும். மிதிக்காமல், கியரைக் குறைத்து, எஞ்சினை அது முனகாத ஒரு சுற்றில் விட்டு, வேகம் விழுகிற அளவுக்கு விழட்டும் என்று இருக்கவேண்டும். இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் தெரியும். ஆனால் அன்றைக்கு நான் அப்படி ஓடினது அறிவால் அல்ல, பயத்தால். மிதித்தால் உச்சியில் வேகம் கூடும், கூடினால் வால் ஆடும், ஆடினால் உருண்டை உருளும். அவ்வளவுதான் என் தலைக்குள் இருந்தது.

உச்சி கடந்து இறங்கும்போது நடந்துவிட்டது. நீள இறக்கம், ஒரு வளைவு, பக்கத்தால் ஒரு பெரிய லொறி சீறிக்கொண்டு போயிற்று. கரவான் இந்தமுறை வாலை ஆட்டவில்லை; எங்களையே ஆட்டிற்று. ஸ்டியரிங்கை நேரே பிடித்துக்கொண்டு அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தேன். தட்டத்தில் இரண்டு உருண்டை ஒரேயடியாக உருண்டன. சிஞ்ஞோரா ஒன்றைச் சாப்பிட்டா, மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டா. ஆனால் கடலைப் பார்க்கவில்லை. அங்கே கடல் இல்லை. என்னைத்தான் பார்த்தா.

தரிப்பிடத்துக்குள் விட்டு நிறுத்தினேன். அந்த நேரம் பார்த்துத் திரும்பவும் சித்தி.

“தம்பி, இப்ப எங்கை?”

“சித்தி, உண்மையைச் சொல்லுங்கோ. இந்த வண்டியிலை என்ன கிடக்கு?”

“என்னத்தைக் கிடக்கு… உன்ர அம்மாதான்…”

“சித்தி!”

“அம்மியடா. சின்ன அம்மிதான்.”

போனை நிறுத்தினேன். சிஞ்ஞோரா, “அம்மி எண்டா என்ன?” என்று கேட்டா. வேறு ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும் அந்த ஒரு சொல்லை அவ கெட்டியாகப் பிடித்துக்கொண்டா.

எனக்கு மூன்று வழி இருந்தது. ஒன்று, அம்மியை இரகசியமாகத் தரிப்பிடத்து ஓரப் பற்றைக்குள் வைத்துவிட்டுப் போவது. நாளைக்கு மருமகள் பிளாஸ்ரிக்கில் கால் வைப்பா, சித்தி சாகும்வரை என்னோடு கதைக்கமாட்டா. இரண்டாவது, ஒன்றும் சொல்லாமல் அப்படியே ஓடுவது. முள் நல்ல இடத்தில் நிற்கிறது, கொந்த்ராத்தோ கையெட்டும் தூரத்தில் நிற்கிறது, ஆனால் அடுத்த இறக்கத்தில் நாங்கள் நிற்போமா தெரியாது. மூன்றாவது, சொல்வது. சொன்னால் யார்டின் வேதப்படி வேலை போகும், திறப்பெடுத்த அம்மாவின் வேலையும் போகும்.

“சிஞ்ஞோரா, கரவானின்ர வாலிலை ஒரு கல்லு கிடக்கு. அதை இடம் மாத்தாமல் நான் இனி ஓடமாட்டன். நான்தான் வைச்சனான்.”

சிஞ்ஞோரா உருண்டையைத் தட்டத்தில் வைத்தா. “நீ?”

“ஓம்.”

“திறப்பு என்ர குசினியிலை. நீ என்ர குசினிக்கு ஒருநாளும் வந்ததில்லை. என்ர தள்ளுவண்டிலுக்குச் சில்லு ஒண்டு இல்லை.” கதவைத் திறந்து இறங்கினா. “படிச்சவனுக்குப் பொய் ஒழுங்கா வராது. வா, காட்டு.”

பின்பெட்டியைத் திறந்தோம். அம்மி ஒரு பழைய வேட்டியால் சுற்றப்பட்டு, நெற்றியில் சந்தனப் பொட்டோடு படுத்திருந்தது. சிஞ்ஞோரா தூக்கிப் பார்த்தா, அசையவில்லை. நான் விளங்கப்படுத்தினேன். கலியாணத்தில் மாப்பிள்ளை பொம்பிளையின் காலைப் பிடித்து இதன்மேல் வைப்பார் என்றேன். கல்லைப்போல உறுதியாக இருக்கவேண்டும் என்று அர்த்தம் என்றேன். காற்றின் எதிர்ப்பைப் பற்றிச் சொன்னபோதிருந்த அதே முகத்தோடு கேட்டா.

“மாப்பிள்ளை காலைப் பிடிக்கிறவரோ? முட்டுக்காலிலை இருந்தோ?”

“குனிஞ்சு பிடிப்பார்.”

“ம்.” அது அவவுக்குப் பிடித்துக்கொண்டது. “பெப்பே ஒருநாளும் குனிஞ்சதில்லை.”

இரண்டு பேருமாக அம்மியை இறக்கி, கரவானுக்குள் கொண்டுபோய், சில்லுக்கு நேர் மேலே, கொஞ்சம் முன்னுக்கு, பளிங்கு மேசைக்குக் கீழே வைத்துக் கட்டினோம். இடையில் மூச்சு வாங்கச் சிஞ்ஞோரா அம்மியின்மேலேயே குந்தியிருந்தா. பளிங்கு மேசையைத் தட்டிப் பார்த்து, “நொத்தாரிசின்ர கல்லு உன்ர சித்தியின்ர கல்லைவிடப் பாரம். அவரை ஆர் வேலையாலை நிப்பாட்டுறது?” என்றா. வேலை போகவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

வெளிக்கிட்டோம். கரவான் பூனைக்குட்டிமாதிரிப் பின்னால் வந்தது. எழுபது, எண்பது, ஆட்டமே இல்லை. சந்தோஷத்தில் தொண்ணூறைத் தொட்டேன். சிஞ்ஞோரா டீசல் முள்ளின்மேல் விரலை வைத்தா.

“தொத்தோரே. கல்லு எங்கை?”

“நடுவிலை, சிஞ்ஞோரா.”

“இல்லை. கல்லு பின்னாலை. பின்னாலை இருக்கெண்டு நினைச்சு ஓடு.”

என் பள்ளிக்கூடம் சொல்லித்தந்த எல்லா விளக்கமும் அந்த ஒரு வசனத்துக்குள் அடங்கிவிட்டது. அறுபத்தைஞ்சுக்குக் குறைத்தேன். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டா. சொல்லிக்கொடுத்தேன். சலெர்னோ வரைக்கும் அதையே பாடம் பண்ணிக்கொண்டு வந்தா.

சலெர்னோ வந்தது. டாங்கில் இன்னும் டீசல் இருந்தது! சிவப்பு விளக்கு எரிந்ததுதான், ஆனால் டீசல் இருந்தது. அடுத்தடுத்து மூன்று பெற்றோல் ஷெட் வந்தது. ஒவ்வொன்றிலும் நான் கெஞ்சினேன்.

“பத்து லீற்றர் மட்டும், சிஞ்ஞோரா. டீசல் வண்டி வறண்டால் குழாயிலை காத்துப் பூந்திடும். பேந்து டீசல் ஊத்தினாலும் லேசிலை எழும்பாது.”

“பெப்பே அடிக்கேல்லை.”

“பெப்பேயின்ர காலத்து எஞ்சின் வேறை.”

“மலை அதே மலைதான். ஓடு.”

நாப்போலிக்கு இறங்குகிற கடைசி டோல் வாசல் தெரிந்தது. அதற்கு முன்னால் ஒரு சின்ன ஏற்றம். ஏற்றத்தின் நடுவில் எஞ்சின் இரண்டு தரம் இருமிற்று. பிறகு ஒன்றுமில்லை. ஒரு பைன் மர நிழலில் ஓரம் கட்டினேன். ஹசார்ட் விளக்கைப் போட்டேன். தட்டத்தில் ஒன்றும் உருளவில்லை. அவ்வளவு மெதுவாகத்தான் செத்தது வண்டி. கொந்த்ராத்தோவும் அதோடு சேர்ந்து செத்ததென்று நினைத்தேன். டோல் வாசலில் காசு வாங்குகிறவனின் மீசை தெரிகிற தூரம்.

இழுவை லொறி கெதியாக வந்துவிட்டது. பல்லுக் குத்துகிற குச்சியோடு ஒரு வயதான மனுசன் இறங்கினார். கரவானில் ஒட்டியிருந்த யார்டின் படத்தைப் பார்த்தவுடன் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“பலெர்மோ யார்டோ! டொன் பெப்பே எங்கை? கனகாலமாய்க் காணேல்லையே.”

சிஞ்ஞோரா கையில் தட்டத்தோடு மெல்ல இறங்கினா. “பெப்பேயை உமக்கு எப்பிடித் தெரியும்?”

“தெரியாமல்? ஒவ்வொரு கோடையும் இந்த மரத்தடிதானே. அவர் டெலிபோன் எடுக்கமுன்னமே நான் லொறியை ஸ்ராட் பண்ணிப்போடுவன். நல்ல மனுசன். ‘என்ர மனுசிக்கு மட்டும் சொல்லிப்போடாதை’ எண்டு எனக்கு ஒவ்வொருமுறையும் கோப்பி வாங்கித் தருவார்.” குச்சியை வாயிலிருந்து எடுத்தார். “நீங்கள் ஆர், சிஞ்ஞோரா?”

“மனுசி.”

லொறிக்காரர் தொப்பியைக் கழற்றினார். சிஞ்ஞோரா மரத்தைப் பார்த்தா. றோட்டைப் பார்த்தா. பிறகு சிரிக்கத் தொடங்கினா. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. காலையிலிருந்து நான் காப்பாற்றிக்கொண்டுவந்த உருண்டைகள் எல்லாம் தட்டத்தோடு சேர்ந்து ஆடி, ஒன்றன்பின் ஒன்றாக உருண்டன. அவ எடுத்து ஒன்றை லொறிக்காரருக்குக் கொடுத்தா, ஒன்றை எனக்குக் கொடுத்தா. அவ கையால் தந்தால் என்ன அர்த்தம் என்று தேவன் சொன்னது ஞாபகம் வந்து, அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

“சாப்பிடு” என்றா. “அவர் வந்து நிண்ட அதே மரம். நீயும் அதே மரம். கூடவுமில்லை, குறையவுமில்லை. நாளைக்குக் கொந்த்ராத்தோ எழுதுவம்.”

எங்கள் ஃபோர் வீல் லொறியின் முதுகில் ஏறிற்று. கரவானை லொறிக்குப் பின்னால் கொழுவினார்கள். முன்னால் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு இருந்தோம். பழக்க தோஷத்தில், “ஐயா, இது நூறு கிலோமீற்றருக்கு எத்தினை லீற்றர் குடிக்கும்?” என்று கேட்டேன். “எனக்கெப்பிடித் தெரியும், காசு கட்டுறது நீங்கள்தானே” என்றார்.

முதலில் மண்டபத்துக்குத்தான் விடச்சொன்னா சிஞ்ஞோரா. சித்தி வாசலுக்கு ஓடிவந்தா. என்னைக் கடந்து, சிஞ்ஞோராவைக் கடந்து, கரவானுக்குள் ஏறி அம்மியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான், “ஐயோ தம்பி, ஏன்ரா இப்பிடி வேர்த்திருக்கு?” என்று கேட்டா.

அடுத்த நாள் கலியாணத்தில் சிஞ்ஞோரா முன்வரிசையில் இருந்தா. துஷி குனிந்து பொம்பிளையின் காலைப் பிடித்து அம்மியில் வைத்தபோது மேளம் கொட்டிற்று, எல்லாரும் பூப் போட்டார்கள். சிஞ்ஞோரா எழும்பி நின்று, மண்டபம் முழுக்கக் கேட்க, முதல் நாள் பாடம் பண்ணின தமிழில், “கல்லு பின்னாலை!” என்று கத்தினா. ஐயர் மந்திரத்தை ஒருக்கால் நிறுத்திவிட்டுத்தான் தொடர்ந்தார். அம்மாவிடம் திறப்பைப்பற்றி அவ இன்றுவரை ஒன்றும் கேட்டதில்லை. ஆனால் திறப்புக் கொழுவுகிற ஆணி குசினியிலிருந்து அவவின் கட்டில் தலைமாட்டுக்குப் போய்விட்டது.

பெடியள் கணக்கும் கேட்பார்கள், ஆகவே சொல்லிவிடுகிறேன். அன்று வண்டி நூறு கிலோமீற்றருக்குப் பன்னிரண்டரை லீற்றர்தான் குடித்தது. வழக்கமான ஓட்டத்தோடு பார்த்தால் மிச்சம் பிடித்தது ஒரு பதினெட்டு லீற்றர், முப்பது யூரோ டீசல். இழுவை லொறிக்குச் சிஞ்ஞோரா கொடுத்தது முந்நூற்றுப் பத்து யூரோ. தள்ளுவண்டிலுக்குப் புதுச் சில்லு, சித்தி கொடுத்தது, எட்டு யூரோ. எல்லாமாக முந்நூற்றுப் பதினெட்டு.